கல்யாணச் சமையல்காரரும் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கும்

போன வாரம் பெங்களூரிலிருந்து அக்கா பொண்ணு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். வேலையில் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது. பெல்லந்தூர் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவளும் மாமனைப் போலவே பொட்டி தட்டுகிறாள்.

"மாமா, நீங்க ஜாவாதானே? ஒரு டவுட். இங்க எல்லா கிளாஸ்லயும் @ஆட்டோவயர்ட்னு போட்டிருக்கு. அந்த ஆப்ஜெக்டை யாருமே 'நியூ' போட்டு உருவாக்கலை. ஆனா ஓடுது. எங்கேர்ந்து வருது?"

"ஸ்பிரிங் குடுக்குதும்மா."

"அது தெரியும் மாமா. அது ஏன் குடுக்கணும்? நானே நியூ போட்டுக்கிட்டா என்ன? சீனியரைக் கேட்டா, அது அப்படித்தான், போட்டுட்டுப் போன்னு சொல்றார்."

நியாயமான கேள்வி. 2004 வாக்கில் இதே ஊரில் இதை யாராவது கேட்டிருந்தால் நாங்கள் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசியிருப்போம். பதில் புத்தகத்தில் இருந்ததால் இல்லை, முதுகில் இருந்ததால். அன்றைக்கு ஃபோனில் ஏதோ ஜல்லியடித்து வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதான் இந்தப் பதிவு. டெக்னிக்கல் மொக்கை என்று ஓடிவிடாதீர்கள். ஜாவா தெரியாத தங்கமணிகளும் ரங்கமணிகளும் தாராளமாகப் படிக்கலாம். ஊர்ப்பக்கம் ஒரு கல்யாணத்தில் சமையற்கட்டை எட்டிப் பார்த்திருந்தால் போதும் :-)

எங்கள் ஊரில் கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசினால் அவர் முதலில் செய்வது லிஸ்ட் போடுவது. துவரம் பருப்பு இத்தனை கிலோ, நல்லெண்ணெய் இத்தனை டின், தேங்காய் இத்தனை, இலை இத்தனை கட்டு. நோட்டுப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாங்கிப் போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. பருப்பு எந்தக் கடையில் வாங்கியது, கடனா ரொக்கமா, வண்டி எந்த வழியாக வந்தது, எதுவும் அவர் கவலை இல்லை. பருப்பு பருப்பாக இருந்தால் சரி.

இப்போது வேறு மாதிரி ஒரு சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். உலை கொதிக்கும்போது கரண்டியைக் கீழே போட்டுவிட்டு "பருப்பு வாங்கிட்டு வந்துடறேன்" என்று தானே சைக்கிளை எடுக்கிறார். எந்தக் கடை, எந்தச் சந்து, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அந்தக் கடை மூடியிருந்தால் அன்றைக்குச் சாம்பார் கிடையாது. கடையை மாற்ற வேண்டும் என்றால் சமையல்காரரின் தலையைத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

ப்ரோக்ராமுக்குள் தனக்கு வேண்டியதைத் தானே 'நியூ' போட்டுக்கொள்வது இந்தச் சைக்கிள் சமையல்காரர். டிபெண்டன்ஸி இஞ்செக்‌ஷன் என்பது லிஸ்ட் போடும் சமையல்காரர். அவ்வளவுதான் விஷயம். பேர்தான் ஊசி போடுகிற மாதிரி பயமுறுத்தும்.

எங்களுக்கு வாய்த்திருந்ததோ சைக்கிளை விடவும் மோசம். கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கொள்கிறேன்.

ஜாவா 1995-ல் வந்தது. 1998-ல் எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ், சுருக்கமாக இஜேபி. 1999 கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஜே2இஇ என்று சன் கம்பெனி வெளியிட்டது. பெங்களூருக்கு இது சரியான சமயம். 1985-லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இங்கே கடை போட்டிருந்தது. இன்ஃபோசிஸ், விப்ரோ எல்லாம் ஆலமரமாகிக்கொண்டிருந்தன. ஒய்2கே முடிந்து கோபால்காரர்களுக்கு வேலை குறைந்து, "எல்லாத்தையும் வெப்புல கொண்டு வா" என்று வெளிநாட்டு வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் கேட்க ஆரம்பித்த நேரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களையெல்லாம் பிடித்து ஜாவா ட்ரெய்னிங்கில் போட்டார்கள். மெக்கானிக்கல், சிவில் படித்தவர்கள்கூட ஆறு வாரத்தில் ஜே2இஇ வல்லுநர்கள் ஆனோம் (நான் மெக்கானிக்கல்).

இஜேபியைத் திட்டுவது சுலபம். அதன் நோக்கம் நல்ல நோக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பணப் பரிமாற்றம் பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திருப்புவது, பாதுகாப்பு, பல கணினிகளில் பிரித்து ஓட்டுவது, இந்த மாதிரிப் பொது வேலைகளை ஒவ்வொரு ப்ரோக்ராமரும் எழுதித் தொலைக்க வேண்டாம், சர்வரே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் எண்ணம். ஆனால் அதற்குக் கேட்ட விலை இருக்கிறதே! 'வணக்கம்' என்று ஒரு வார்த்தை சொல்லும் பீனுக்கு ஒரு ஹோம் இண்டர்ஃபேஸ், ஒரு ரிமோட் இண்டர்ஃபேஸ், ஒரு பீன் கிளாஸ், ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதுக்கு மேல் சர்வர் கம்பெனிக்கென்று தனியாக இன்னொரு எக்ஸ்எம்எல் கோப்பு. அதைக் கூப்பிட வேண்டும் என்றால், ஜேஎன்டிஐ என்கிற விலாசப் புத்தகத்தில் பேரைக் கொடுத்துத் தேடி, கிடைத்ததை வகை மாற்றி, அதனிடம் 'கிரியேட்' சொல்லி, அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும். இந்தத் தேடும் வேலையை ஒரே இடத்தில் வைக்கலாமே என்று சர்வீஸ் லொக்கேட்டர் என்றொரு வழி வந்தது. எல்லாக் கடையும் தெரிந்த எடுபிடிப் பையன் ஒருவனைச் சமையற்கட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி. பரவாயில்லைதான். ஆனால் அந்தப் பையன் இல்லாத வீட்டில் இந்தச் சமையல்காரரால் காப்பிகூடப் போட முடியாது.

உண்மையான வலி டெஸ்ட் பண்ணுவதில் இருந்தது. சர்வருக்கு வெளியே இந்த பீன்கள் உயிரோடு இருக்காது. ஒரு வரி மாற்றினால், மொத்தத்தையும் மறுபடி கட்டி, சர்வரில் ஏற்றி, சர்வரை எழுப்பி, லாகின் பண்ணி, நாலு பக்கம் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். சாம்பாரில் உப்பு சரியா என்று பார்க்க முழுக் கல்யாணத்தையும் நடத்தியாக வேண்டும். நாதஸ்வரம் உள்பட.

இதிலும் ஆஃப்ஷோர் ஆட்களான எங்களுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. எங்கள் ப்ராஜெக்ட் அமெரிக்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. எங்கள் கோடு கடைசியில் போய்த் தொடுவது அவர்களுடைய மெயின்ஃப்ரேமை. அது அங்கே இருக்கிறது. அவர்கள் ராத்திரி பேட்ச் ஓட்டும்போது எங்களுக்குப் பகல். ஆகவே பெங்களூர்ப் பகல் முழுக்க எழுதுவோம். ஓட்டிப் பார்க்க முடியாது. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு அங்கே விடிந்து மெயின்ஃப்ரேம் எழுந்தால்தான் எங்கள் ப்ரோக்ராம் சரியா என்று தெரியும். பெங்களூரில் மென்பொருள்காரன் ஏன் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்றால், எல்லாம் உழைப்பு இல்லை ஐயா. பாதி, காத்திருப்பு.

2004 தை மாசம். அக்கா பொண்ணுக்கு (ஆமாம், ஃபோன் பண்ணிய அதே பொண்ணுதான்) குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். சனிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ். அந்த வார இறுதியில் ஒரு ரிலீஸ். என் பகுதியில் நான் மாற்றியது பதினைந்து வரி இருக்கும். எழுதி முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பராமரிப்பு முடிந்து மெயின்ஃப்ரேம் வரும் என்றார்கள். ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி. "நீ டெஸ்ட் ரிசல்ட் குடுக்காம கிளம்பினா ரிலீஸ் நிக்கும்" என்று டேமேஜர் சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு வந்தது. ஓட்டினேன். ஒரு தப்பும் இல்லை. முதல் தடவையே சரியாக ஓடியது. மடிவாளாவில் பஸ் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஊரில் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "முறைதானே, யாரு மடியில உக்காந்தா என்ன" என்று அம்மா சமாதானம் சொன்னாள். அக்கா ஒன்றும் சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் எங்கள் லீட் வந்தார். திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. கையில் ஒரு பிரிண்ட் அவுட். "தம்பி, இதப் படிச்சுப் பாரு. நீ மெயின்ஃப்ரேமுக்காகக் காத்துக் கிடந்தது மெயின்ஃப்ரேம் தப்பு இல்ல. உன் கிளாஸே அதத் தேடிப் போகுதுல்லா, அதான் தப்பு. தேடிப் போகாத. வேணும்னு கேளு. யாராவது கொண்டாந்து தரட்டும். நெசமான மெயின்ஃப்ரேமத் தந்தா என்ன, பொம்மையத் தந்தா என்ன, உனக்கு என்னலே தெரியப் போவுது?"

அந்த பிரிண்ட் அவுட் மார்ட்டின் ஃபவுலரின் கட்டுரை. 2004 ஜனவரியில்தான் அவர் இணையத்தில் போட்டிருந்தார். டிபெண்டன்ஸி இஞ்செக்‌ஷன் என்ற பேர் ஊருக்குத் தெரிந்தது அதில்தான். ஐடியா அதற்கும் மூத்தது. 1988-ல் ரால்ஃப் ஜான்சனும் பிரையன் ஃபூட்டும் எழுதிய ஒரு கட்டுரையிலேயே இன்வெர்ஷன் ஆஃப் கண்ட்ரோல் என்ற சொல் வருகிறது. 'நீ எங்களைக் கூப்பிடாதே, நாங்கள் உன்னைக் கூப்பிடுகிறோம்' என்கிற ஹாலிவுட் தத்துவம். நம்ம ஊரில் பொண்ணு பார்த்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்பார்களே, அதேதான். ஆனால் அந்தப் பேர் எதற்கெடுத்தாலும் பொருந்துகிற பேர் என்பது ஃபவுலரின் குறை; எந்த ஃப்ரேம்வொர்க்தான் நம் கோடைக் கூப்பிடவில்லை? அதனால் இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு, வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பதற்கு, அதில் ஈடுபட்டிருந்தவர்களோடு பேசித் தனிப் பேர் வைத்தார்.

ஃபவுலர் வேலை பார்த்த தாட்வொர்க்ஸ் 2000-களின் தொடக்கத்திலேயே பெங்களூரில் அலுவலகம் திறந்திருந்தது. பெங்களூர் அனுபவத்தை வைத்து, கடல் தாண்டி வேலை பிரிப்பதைப் பற்றி ஃபவுலர் தனியாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதே தாட்வொர்க்ஸ்காரர்களான பால் ஹேமண்ட்டும் ஆஸ்லக் ஹெலசோயும் 2003 வாக்கில் செய்ததுதான் பிகோகண்டெய்னர். பேருக்கேற்ற மாதிரி துளியூண்டு. அதன் சட்டம் ஒன்றே ஒன்று: உனக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் கன்ஸ்ட்ரக்டரில், அதாவது பிறக்கும்போதே, கேள். லிஸ்டில் உள்ள சாமான் முழுக்க வந்து இறங்கினால்தான் அடுப்புப் பற்ற வைப்பேன் என்கிற சமையல்காரர். இன்னொரு வகை, செட்டர் வழியாகக் கொடுப்பது. அடுப்பைப் பற்ற வை, தேங்காய் பின்னால் வருகிறது என்கிற கதை. தேங்காய் வராமலே போனால் பந்தியில்தான் தெரியும்.

ஆனால் ஊரை மாற்றியது பிகோகண்டெய்னர் இல்லை, ஸ்பிரிங். ராட் ஜான்சன் ஆஸ்திரேலியர். இசையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் (மெக்கானிக்கல்காரன் ஜாவா எழுதுவதைச் சிரித்தவர்கள் கவனிக்க). 2002 அக்டோபரில் ஜே2இஇ வடிவமைப்பைப் பற்றித் தலையணை சைஸில் ஒரு புத்தகம் எழுதினார். இஜேபி எல்லா இடத்துக்கும் தேவையில்லை என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், இல்லாமல் எப்படிச் செய்வது என்று சுமார் 30,000 வரி கோடும் கூடவே கொடுத்தார். அதைப் படித்த யூர்கன் ஹோலரும் யான் கரோஃபும் இதைத் திறமூல மென்பொருளாக விடலாமே என்று அவரை வற்புறுத்தினார்கள். ஸ்பிரிங் என்று பேர் வைத்தது கரோஃப். ஜே2இஇ பனிக்காலத்துக்குப் பிறகு வரும் வசந்தம் என்று அர்த்தமாம். பெங்களூர்க் குளிரில் பனிக்காலம் என்ன பெரிய பனிக்காலம், ஆனால் எங்களுக்கு அது புரிந்தது. 1.0 வெளியானது 2004 மார்ச்சில்.

அண்ணாச்சி அந்தப் புத்தகத்தைக் காந்திநகர் சப்னாவில் வாங்கி வைத்திருந்தார். டீமில் கை மாறி மாறி அட்டை கிழிந்து போனது. அடுத்த மாட்யூலில் இஜேபியைத் தூக்கிவிட்டு ஸ்பிரிங் போட்டோம். மெயின்ஃப்ரேமோடு பேசும் பகுதிக்கு ஒரு இண்டர்ஃபேஸ். இண்டர்ஃபேஸ் என்பது வேறொன்றுமில்லை, எங்கம்மா சொன்ன 'முறை'தான். முறை இருக்கிற எவரும் அந்த இடத்தில் உட்காரலாம். நிஜமான மெயின்ஃப்ரேமைத் தொடும் கிளாஸ் ஒன்று. எதைக் கேட்டாலும் ஒரே பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் பொம்மை கிளாஸ் ஒன்று. எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு வரி மாற்றினால் அது இதுவாகும். சர்வர் வேண்டாம், மெயின்ஃப்ரேம் வேண்டாம், பெங்களூரில் காலை பதினொரு மணிக்கே, டீ குடிக்கப் போவதற்கு முன்னால், நான் எழுதிய பதினைந்து வரி சரியா தப்பா என்று தெரிந்துவிடும். கடைசியாக ஒரு தடவை நிஜத்தோடு ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தினமும் இல்லை.

ஸ்பிரிங் ஏன் ஜெயித்தது என்று எழுதுகிறவர்கள் எளிமை, திறமூலம், நல்ல ஆவணங்கள் என்பார்கள். எல்லாம் சரிதான். என் கணக்கில், ஒரே ப்ரோக்ராமை இரண்டு கண்டத்தில் பிரித்து எழுத வேண்டியிருந்த பெங்களூர் மாதிரி ஊர்களுக்கு அது வேறு ஒன்றையும் கொடுத்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு இண்டர்ஃபேஸை ஒத்துக்கொண்டுவிட்டால், ஒருத்தர் முழிக்க இன்னொருத்தர் காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளா பஸ்ஸை நான் அதற்கப்புறம் அதிகமாக விட்டதில்லை.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். 2005, 2006-ல் எக்ஸ்எம்எல் கோப்புகள் அனுமார் வாலாக நீண்டன. எங்கள் ப்ராஜெக்டில் ஒரு கோப்பு மட்டும் இரண்டாயிரம் வரியைத் தாண்டியது. பேரில் ஓர் எழுத்துத் தப்பானால் ஓடும்போதுதான் தெரியும். அப்போதுதான் எல்லாரும் அனொட்டேஷன் பக்கம் சாய்ந்தார்கள். இஜேபியே மனம் திருந்தி 2006-ல் 3.0 ஆக வந்தபோது இஞ்செக்‌ஷனோடுதான் வந்தது. 2007 மார்ச்சில் கூகிளிலிருந்து பாப் லீ ஜூஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கை வெளியிட்டார். எழுதினால் ஜி-யில் ஆரம்பிக்கும், சொன்னால் ஜூஸ். எக்ஸ்எம்எல் கிடையாது, எல்லாம் ஜாவாவிலேயே. அதே வருஷம் நவம்பரில் ஸ்பிரிங் 2.5 வந்து @ஆட்டோவயர்ட்டைக் கொண்டுவந்தது. அப்புறம் போட்டியாளர்களான ராட் ஜான்சனும் பாப் லீயும் சேர்ந்து உட்கார்ந்து @இஞ்செக்ட் என்று ஒரு பொதுத் தரம் எழுதினார்கள், 2009-ல் ஒப்புதலானது. (பாப் லீ 2023 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். செய்தியில் பேரைப் பார்த்ததும் அவர் பின்னாளில் செய்த கேஷ் ஆப் எனக்கு ஞாபகம் வரவில்லை, ஜூஸ்தான் வந்தது.)

என் மருமகளின் கேள்விக்கு விதை விழுந்தது 2.5-ல்தான். டிபெண்டன்ஸி இஞ்செக்‌ஷன் நம் சார்புகளை ஒழிக்கவே இல்லை. பருப்பு இல்லாமல் சாம்பார் கிடையாது, எந்தக் காலத்திலும். அது செய்த ஒரே உபகாரம், சமையல்காரர் தலைக்குள் இருந்ததை எடுத்துப் பேப்பரில் எழுத வைத்தது. எக்ஸ்எம்எல் அசிங்கமாக இருந்தது, ஆனால் அது லிஸ்ட். யார் யாருக்கு என்ன போகிறது என்று ஒரே இடத்தில் கண்ணால் பார்க்கலாம். ஃபீல்டு மேல் @ஆட்டோவயர்ட் போட்டபோது லிஸ்ட் கிழிந்து துண்டு துண்டாக ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் போய்விட்டது. 2014-ல் ஸ்பிரிங் பூட் வந்ததும் இன்னும் வசதி. பாதிச் சாமானை யாரும் கேட்காமலே அது கொண்டுவந்து இறக்கிவிடும். ஒரு தலைமுறை லிஸ்டைப் பார்க்காமலே வளர்ந்தது. சீனியர் "அது அப்படித்தான்" என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு காலத்தில் செட்டர் வழியையே சிபாரிசு செய்த ஸ்பிரிங்காரர்கள், பிற்பாடு கன்ஸ்ட்ரக்டர் வழிக்கு மாறினார்கள். பிகோகண்டெய்னர் ஆசாமிகள் ஆரம்பத்திலேயே சொன்னது. 2016-ல் வந்த 4.3 முதல், ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் @ஆட்டோவயர்ட் எழுதவே வேண்டியதில்லை.

இதெல்லாம் ப்ரோக்ராமர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு, அதே பெங்களூரிலிருந்து ஒரு விஷயம். உங்கள் ஊர்ச் சொந்தக்காரர்கள் எல்லார் பர்ஸிலும் இருக்கிறது: ஆதார்.

ஆதார் ஆணையம் 2009-ல் தொடங்கியது. நந்தன் நிலேகணி தலைவர். தொழில்நுட்ப மையம் பெங்களூரில். ஸ்ரீகாந்த் நாதமுனி, பிரமோத் வர்மா போன்றவர்கள் வடிவமைத்தார்கள். ஜாவா, ஸ்பிரிங், ஹடூப், மைசீக்வல் என்று பெரும்பாலும் திறமூலச் சாமான்கள். முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவில் டெம்ப்ளி என்ற கிராமத்தில் கொடுக்கப்பட்டது.

இதில் கஷ்டமான வேலை, ஒருவரே இரண்டு தடவை பதியாமல் பார்ப்பது. பத்து விரல், இரண்டு கருவிழி, முகம். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் ஏற்கெனவே பதிந்த அத்தனை பேரோடும் ஒப்பிட வேண்டும். 60 கோடிப் பேர் உள்ளே இருக்கும்போது ஒரே நாளில் 10 லட்சம் பேர் வந்தால், ஆறு கோடி கோடி ஒப்பீடுகள். இந்த ஒப்பிடும் மென்பொருளை உலகத்தில் செய்கிற கம்பெனிகள் கொஞ்சம்தான். ஒரு நாடு இதில் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொண்டால், அவர் சொன்னதுதான் விலை. ஆதார்காரர்கள் ஒப்பிடும் மென்பொருள் எப்படிப் பேச வேண்டும் என்று ஓர் இண்டர்ஃபேஸை அவர்களே எழுதி, 2010-ல் மூன்று தரப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்: அக்செஞ்சர், மஹிந்திரா சத்யம்-மார்ஃபோ, எல்-1. மூன்றும் ஒரே சமயத்தில் ஓடும். யார் துல்லியமாகவும் வேகமாகவும் செய்கிறார்களோ அவர்களுக்கு அதிக வேலை. சுத்தமாகப் பார்த்தால் இது டிபெண்டன்ஸி இஞ்செக்‌ஷன் இல்லை, தனித்தனி சிஸ்டங்கள் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்வது. ஆனால் புத்தி அதே புத்தி. லிஸ்டில் 'துவரம் பருப்பு' என்று எழுது, கடை பேரை எழுதாதே.

கதையில் ஒரு திருப்பமும் உண்டு. மார்ஃபோவின் தாய்க் கம்பெனியான பிரான்ஸின் சாஃப்ரான், 2011-ல் எல்-1 கம்பெனியை விலைக்கு வாங்கிவிட்டது. மூன்று கடை என்று நினைத்ததில் இரண்டுக்கு ஒரே முதலாளி! லிஸ்ட் நம் கையில் இருக்கலாம், கடைத்தெரு நம் கையில் இல்லை. ஸ்பிரிங்கே இதற்கு இன்னொரு உதாரணம். 2009-ல் விஎம்வேர் சுமார் 420 மில்லியன் டாலருக்கு வாங்கியது, 2013-ல் பிவோட்டல் கைக்குப் போனது, மறுபடி விஎம்வேர், 2023-ல் விஎம்வேரையே பிராட்காம் வாங்கிவிட்டது. எதையும் கழற்றி மாட்டலாம் என்று கற்றுக்கொடுத்த ஃப்ரேம்வொர்க்கைக் கழற்றித்தான் பாருங்களேன் :-)

(ஆதாரால் ரேஷன் மறுக்கப்பட்டவர்கள் கதை தனிக் கதை. உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-ல் தீர்ப்பு வந்தது. கழற்றி மாட்டும் வடிவமைப்பு அதற்குப் பதில் இல்லை. ரேகை தேய்ந்த கிழவிக்கு எந்தக் கம்பெனி மென்பொருள் ஒப்பிட்டது என்பது ஒரு பொருட்டா?)

ஆதாரின் மூலக்கோடு அரசாங்கத்தோடு. வேறு நாடுகள் கேட்டால்? 2018-ல் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற ஐஐஐடி பெங்களூர் மோசிப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. எந்த நாடும் எடுத்துத் தன் அடையாள அட்டை அமைப்பைக் கட்டிக்கொள்ளத் திறமூல மென்பொருள். ஜாவாவும் ஸ்பிரிங் பூட்டும்தான். பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா என்று போயிருக்கிறது. இலங்கையின் புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா நிதியுதவி தர 2022 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதற்கும் அடித்தளம் மோசிப்தான். யாழ்ப்பாணத்தில் ஓர் அம்மா விரல் வைக்கப் போகும் கருவிக்குப் பின்னால் இருப்பது எலக்ட்ரானிக் சிட்டியில் எழுதிய ஜாவா. அந்தத் தகவல் யார் கையில் போய்ச் சேரும் என்ற பயம் அங்கே எவ்வளவு நியாயமானது என்பதை இந்த வலைப்பூ வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மோசிப்பின் கோடு இணையத்தில் திறந்து கிடக்கிறது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து மேய்ந்தேன். ரேகை ஒப்பிடும் மென்பொருளுக்கு ஓர் இண்டர்ஃபேஸ். எந்தக் கம்பெனியுடையது என்பது அமைப்புக் கோப்பில் ஒரு கிளாஸ் பேர், அவ்வளவே. பக்கத்திலேயே தனியாக ஒரு பொம்மைத் தொகுப்பும் வைத்திருக்கிறார்கள். பொம்மை ஒப்பீட்டு சிஸ்டம், பொம்மை ரேகை மென்பொருள். எந்தக் கம்பெனியிடமும் எதையும் வாங்காமல் ஒரு நாட்டின் அடையாள அமைப்பு முழுவதையும் ஓட்டிப் பார்க்கலாம். பகல் பதினொரு மணிக்கே. அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது.

இவ்வளவையும் சுருக்கி நேற்று மருமகளிடம் ஃபோனில் சொன்னேன். காதுகுத்துக் கதையையும்தான். அவளுக்குத் தெரியாதாம். "அந்த ஃபோட்டோல இருக்கறது நீங்கன்னுல்ல மாமா இத்தனை நாள் நினைச்சேன்?" என்றாள். சித்தப்பா மகனும் நானும் ஒரே ஜாடை. அந்த வயசில் இரண்டு பேருக்கும் மீசை வேறு.

இன்று காலை அவளிடமிருந்து மெசேஜ். தன் கிளாஸில் @ஆட்டோவயர்ட்டை எல்லாம் எடுத்துவிட்டுக் கன்ஸ்ட்ரக்டருக்கு மாற்றினாளாம். எண்ணிப் பார்த்தால் பதினாலு சாமான். "இத்தனை நாள் இது யாருக்கும் தெரியவே இல்ல மாமா, சீனியரே வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார்." பதினாலில் எது நிஜமாகவே வேண்டும் என்று திங்கட்கிழமை உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களாம்.